வறண்ட கண்ணும் வகுப்பறையும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் பல உண்டு. அவற்றைப் பேசத் தகுதியானவர்கள் எனக்கு முன்னரே பேசிவிட்டார்கள். செயற்குழுவினர் என்னிடம் வந்து, "ரீச்சர், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்டைப் பற்றிப் பேசுங்கோ" என்றார்கள். கணிதத்தைப் பற்றிப் பேசினால் மண்டபம் பாதி காலியாகிவிடும். அதற்கு அடுத்தபடியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது என்னுடைய கண். 2004 ஆம் ஆண்டு முதல் நாட்பட்ட கண் வறட்சியோடு வாழ்ந்து வருகிறேன். அதில் 14 ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்று கழிந்தவை. நான் வைத்தியர் அல்ல. நோயாளியாக அறிந்ததையும், கேட்டும் படித்தும் தெளிந்ததையும் மட்டுமே சொல்லப் போகிறேன். இங்கே இருப்பவர்களில் சிலருக்கு இந்த வருத்தம் இருக்கும், அதற்குப் பெயர் உண்டு என்பதே தெரியாமல் இருக்கும். அவர்களை நினைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இதைத் தமிழில் விளக்க முடியுமா என்று ஒரு தோழி கேட்டார். இந்தக் குடாநாட்டில் அந்தக் கேள்வி எழவே கூடாது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1873 இல் அவர் திரும்பிப் போனபோது அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றிருந்தார்கள். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் என்று பாடநூல்களே தமிழில் வந்தன. அவ்வளவையும் அன்று சொல்ல முடிந்த மொழியில் ஒரு கண்ணீர்த் துளியைப் பற்றி இன்று சொல்வது கடினமாக இருக்க முடியாது.

கண்ணீர் என்றால் அழும்போது வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு கணமும் கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று விரிந்திருக்கிறது. எங்கள் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. அது வெறும் தண்ணீரும் அல்ல. கண்ணின் மேல் வெளிப்புறத்தில் உள்ள கண்ணீர்ச் சுரப்பி தண்ணீரைத் தருகிறது. வெள்ளை விழியை மூடிய மெல்லிய சவ்வு, தண்ணீர் கண்ணோடு ஒட்டி நிற்பதற்கான வழுவழுப்பைத் தருகிறது. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. அவற்றை 1666 இல் விரிவாக எழுதிய ஜேர்மன் வைத்தியர் மைபோம் என்பவரின் பெயரால் அவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மூடியாகப் பரவுகிறது.

மூடி இல்லாத பானைத் தண்ணீர் சோழகக் காற்றில் எவ்வளவு நேரம் நிற்கும்? கண் வறட்சி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, கிணறே வற்றிப் போவது, அதாவது சுரப்பி தண்ணீர் தராமல் விடுவது. மற்றது, தண்ணீர் ஊறினாலும் மேலே எண்ணெய் மூடி இல்லாமல் அது விரைவாக ஆவியாகிப் போவது. இரண்டாவது வகைதான் அதிகம். பலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். எனக்கும் அப்படியே.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், கணித ஆசிரியையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக நாம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 15 தடவை இமைக்கிறோம். புத்தகம் வாசிக்கும்போதும் கணினி, கைத்தொலைபேசி பார்க்கும்போதும் அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். உற்றுப் பார்க்கும் எந்த வேலையும் இப்படித்தான். தையல், விடைத்தாள் திருத்துதல், வங்கிக் கணக்கு, கணினி நிரல் எழுதுதல் எல்லாம் இதில் அடங்கும். எங்கள் கல்லூரி எங்களுக்குப் பழக்கிய கவனம் இருக்கிறதே, அந்த நல்ல குணமே கண்ணை உலர்த்துகிறது.

என் கதைக்கு வருகிறேன். 2002 ஆம் ஆண்டில் எனக்கு 44 வயது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கெல்லாம் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தும். விடைத்தாளில் எழுத்துக் கலங்கும், இமைத்தால் தெளியும், மறுபடி கலங்கும். ஆடி, ஆவணியில் சோழகம் வீசும்போது சைக்கிளில் வந்து இறங்கினால் கண்ணீர் தாரையாக வடியும். "ஏன் ரீச்சர் அழுறீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கண் வறட்சிக்காரிக்குக் கண்ணீர் வடிவது முரணாகத் தோன்றலாம். உலர்ந்த கண் உறுத்தும்போது மூளை அவசரமாகத் தண்ணீரை அனுப்புகிறது. எண்ணெயும் வழுவழுப்பும் போதாத அந்தத் தண்ணீர் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. வடியும் கண்ணைப் பார்த்து வறண்ட கண் என்று யாரும் நினைப்பதில்லை. இந்த நோய் நீண்ட காலம் பிடிபடாமல் இருப்பதற்கு முதற் காரணம் இதுதான்.

இரண்டு வருடம் பல இடங்களுக்கு அலைந்தேன். "கண்ணாடியை மாத்துங்கோ" என்றார்கள், மூன்று தடவை மாற்றினேன். "வயது போகுது தானே" என்றார்கள். "யோசிக்கிறதைக் குறையுங்கோ" என்றும் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல இதைக் கூறவில்லை. போர் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் வைத்தியசாலைகளில் இருந்த கூட்டத்துக்கு என் கண் உறுத்தல் பெரிய வருத்தமே அல்ல. ஆனால் வெளியே தெரியாத ஒரு நோவைப் பெண் ஒருத்தி சொல்லும்போது அது அவளுடைய மனதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது எங்கும் உள்ள வழக்கம்.

2004 இல் ஒரு கண் வைத்திய நிபுணர் சின்னக் கடதாசித் துண்டு ஒன்றை என் கீழ் இமையில் மாட்டி ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்கச் சொன்னார். 1903 இல் ஓட்டோ ஷேர்மர் என்ற ஜேர்மன் வைத்தியர் அறிமுகப்படுத்திய சோதனை அது. நூறு வருடம் கழித்தும் அதே கடதாசிதான். கண்ணீர் அதில் 10 மில்லிமீற்றருக்கு மேல் ஊறினால் பெரும்பாலும் பயமில்லை. 5 இற்குக் குறைந்தால் வறட்சி கடுமை. எனக்கு ஊறியது 3. பிறகு அவர் யாரும் கேட்காத இரண்டு கேள்விகளைக் கேட்டார். "பாண் சாப்பிடேக்கை தண்ணி இல்லாமல் விழுங்க ஏலுமோ? காலமை எழும்பேக்கை விரல் மூட்டு இறுகி இருக்குதோ?" முதற் கேள்விக்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஓம் என்றும் சொன்னேன். இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். முடிவு வந்தபோது நோயின் பெயரும் வந்தது. அது ஷோகிரன் நோய்.

சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்றிக் ஷோகிரன் 1933 இல் தன் ஆய்வேட்டில் 19 நோயாளிகளைப் பற்றி எழுதினார். 19 பேரும் பெண்கள். கண்ணும் வாயும் வறண்டு, பலருக்கு மூட்டு நோவும் சேர்ந்திருந்தது. உடலைக் காக்க வேண்டிய காவற்படை தன் சொந்தச் சுரப்பிகளையே பகையென்று எண்ணித் தாக்குவதுதான் இந்த நோய் என்று பிற்காலத்தில் அறிந்தார்கள். இது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அந்த ஆய்வேட்டுக்கு அன்று உயர்ந்த மதிப்பீடு கிடைக்கவில்லை. ஒரு பரீட்சகர் போட்ட புள்ளியே கடைசித் தீர்ப்பு அல்ல என்று மாணவிகளுக்குச் சொல்ல எனக்கு இது நல்ல உதாரணமாயிற்று.

கண் வறட்சி உள்ள எல்லாருக்கும் ஷோகிரன் நோய் இருக்காது. மிகப் பெரும்பாலோருக்கு இருக்காது. மாதவிடாய் நிற்கும் வயது, நீரிழிவு, மூட்டுவாதம், ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள், கண் சத்திரசிகிச்சை, கண்ணில் ஒட்டும் வில்லைகள் என்று காரணங்கள் பல. ஆனால் கண்ணோடு வாயும் வறண்டால், பற்கள் திடீரென்று சொத்தையானால், மூட்டுகள் நொந்தால், காதடியில் வீக்கம் வந்து வற்றாமல் நின்றால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வைத்தியரிடம் சொல்லுங்கள். கண்ணைக் கண் வைத்தியரிடமும் பல்லைப் பல் வைத்தியரிடமும் பிரித்துப் பிரித்துச் சொன்னால் தொடர்பு பிடிபடாது. இளம் பெண்களுக்கு இன்னொன்று. இந்த நோயின் சில எதிருடல்கள் வயிற்றில் உள்ள குழந்தையின் இதயத் துடிப்பை, அரிதாகவே என்றாலும், பாதிக்கக்கூடும். ஆகவே பிள்ளை பெற எண்ணும்போதே மகப்பேற்று வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

பெயர் தெரிந்ததும் மனம் ஆறியது. ஆனால் வேலை? வெண்கட்டித் தூசி, மேலே சுழலும் மின்விசிறி, மேற்கு யன்னலால் வரும் சோழகம், வாரத்துக்கு நூற்றுக்கணக்கான கொப்பிகள். 2005 இல் முன்கூட்டியே ஓய்வு பெறும் விண்ணப்பத்தை நிரப்பி மேசை இலாச்சியில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

ஒருநாள் அவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். "என்ர கண்ணிலை தண்ணி இல்லை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நான் கண்ணை மூடி நிப்பன். நித்திரை எண்டு நினைக்காதேங்கோ" என்றேன். அடுத்த நாளே கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். யன்னலோர மேசையை மாற்றி என் கதிரையை மின்விசிறிக்கு எதிர்ப்புறம் போட்டிருந்தார்கள். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி மணிக்கூட்டைப் பார்த்து, "ரீச்சர், கண்" என்பாள். நான் இமையை மூடித் திறப்பேன். வகுப்பும் என்னோடு சேர்ந்து மூடித் திறக்கும். அதிபரிடம் கேட்டேன், கிழக்குப் பக்கத்து வகுப்பறை தந்தார். விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் கேட்டேன், சுவரோரம் இடம் தந்தார்கள். கேட்ட இடங்களில் பெரும்பாலும் மறுப்பு வரவில்லை. கை முறிந்தவளுக்குக் கட்டு இருக்கிறது, பார்த்ததும் எழுந்து இடம் கொடுப்பார்கள். எங்கள் நோய்க்குக் கட்டு இல்லை. நாங்களாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் மருந்துக் குறிப்பு.

காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடிக் கடைக்காரர் என் மூக்குக் கண்ணாடியின் இரு பக்கமும் தெளிவான பிளாஸ்ரிக் தகடு வெட்டி ஒட்டித் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போன எனக்குக் "குதிரை ரீச்சர்" என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். குதிரை 2018 வரை ஓடியது, அறுபது வயது நிறைந்துதான் நின்றது.

இடையில் சோதனைக் காலங்களும் வந்தன. 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அரிசியும் சீனியுமே அரிதாகின. கண்ணுக்கு விடும் செயற்கைக் கண்ணீர் எங்கே கிடைக்கும்? கிடைத்த ஒரு போத்தலை எண்ணி எண்ணி விட்டேன். பகலில் ஈரத்துணி, மாலையில் இருட்டறை. அந்த நேரம் என்னோடு படித்த தோழிகள் வந்து போவோரின் கைப்பைகளில் சின்னச் சின்னப் பொதிகளாக மருந்து அனுப்பினார்கள். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் பொதிகள் வந்தன. பழைய மாணவிகள் சங்கம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தப் பொதிகளைத்தான் காட்டுவேன்.

2007 இல் என் தாயார் காலமானார். செத்தவீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது, குரல் போயிற்று, கண்ணில் ஒரு துளியும் வரவில்லை. இந்த நோய் முற்றினால் வெங்காயம் வெட்டினாலும் கண் கலங்காது, துக்கம் வந்தாலும் நனையாது. இரண்டு கண்ணீரும் ஒரே சுரப்பியிலிருந்துதான் வருகின்றன. "பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அழுதே பழகிய மண் இது. இங்கே கண்ணீர் வராதவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எண்ணுவது இலகு. அன்று நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், எனக்காக அல்ல. உங்கள் வீட்டிலும் உங்கள் ஊரிலும் அழாமல் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் அவளுடைய துக்கத்தைக் கண்ணீரால் அளக்காதீர்கள்.

இனி நாளாந்தம் செய்பவற்றைச் சொல்கிறேன். முதலாவது சூடு. சுத்தமான துணியைத் தாங்கக்கூடிய சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். உறைந்த நெய் சூட்டில் இளகுவது போல இமைச் சுரப்பியில் இறுகிய எண்ணெய் இளகும். பிறகு இமையை விளிம்பை நோக்கி மெதுவாக வருடி, விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை ஒரு நாள் செய்து பயனில்லை. பல் துலக்குவது போல நாள்தோறும் செய்ய வேண்டும்.

இரண்டாவது சொட்டு மருந்து. ஒரு கண்ணில் எந்த நேரமும் நிற்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலீற்றர். போத்தலிலிருந்து விழும் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலீற்றர். ஆகவே ஒரு துளிக்கு மேல் விடுவது கன்னத்துக்கு விடும் மருந்து. இரண்டு விதமான மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள் கலக்காத வகையை வைத்தியரிடம் கேளுங்கள். அந்தப் பொருளே அடிக்கடி பட்டால் கண்ணை அரிக்கும். உறுத்தல் வந்த பிறகு விடுவதைவிட, வேலை தொடங்க முன்னரே விடுவது நல்லது.

மூன்றாவது வேலை செய்யும் இடம். கணினித் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடியிருக்கும், உலரும் பரப்புக் குறையும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தொலைவை 20 விநாடி பாருங்கள், அப்போது முழுமையாக இமையுங்கள். மின்விசிறியும் குளிரூட்டியும் முகத்துக்கு நேரே வேண்டாம். அடுப்படியில் பன்னாடையும் பாளையும் எரிப்பவர்கள் புகை போகும் பக்கம் அறிந்து இருங்கள்.

குளிர்நாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்குச் சோழகம் இல்லை, ஆனால் வீட்டுக்குள் சூடாக்கி இருக்கிறது. மாரியில் அது அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரப்பதமூட்டி ஒன்று வையுங்கள். காரின் வெப்பக்காற்றைக் காலுக்குத் திருப்புங்கள். விமானத்தில் காற்று மிக வறண்டது, ஊருக்கு வரும்போது மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள்.

இவற்றால் ஆறாதவர்களுக்கு மேலதிக வழிகள் உண்டு. கண்ணீர் மூக்குக்குள் வடியும் துவாரத்தை நுண்ணிய அடைப்பானால் மூடுவது ஒன்று. வாய்க்காலின் மடையைக் கட்டித் தண்ணீரைத் தோட்டத்தில் நிறுத்துவது போல. சிக்ளோஸ்போரின் என்ற சொட்டு மருந்து இன்னொன்று, அது 2002 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், இடையில் விடக்கூடாது. சொந்த இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையே கண்ணுக்கு விடும் சிகிச்சையும் உண்டு. எது பொருந்தும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு என்று எங்கள் வீடுகளில் கண்ணுக்கு விடும் வழக்கம் இருந்தது. அன்போடு செய்தவைதான், ஆனால் அவற்றோடு கிருமியும் உள்ளே போகும். வறண்ட கண்ணில் தொற்று ஏற்பட்டால் பார்வையே போகலாம். சிவப்பைப் போக்கும் மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்து உடனே சுகம் தரும். மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்தால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். கண்மையை இமையின் உள்விளிம்பில் தீட்டாதீர்கள், அங்கேதான் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. முருங்கை இலை சாப்பிட்டால் மாறுமா என்று கேட்கிறார்கள். விற்றமின் ஏ குறைவால் பிள்ளைகளுக்கு மாலைக்கண்ணோடு வரும் வறட்சி வேறு, அதற்கு முருங்கை, பப்பாளி, பனம்பழம் எல்லாம் நல்லவை. எங்களுடையது பெரும்பாலும் அந்தக் குறைவால் வருவதல்ல. மீன் எண்ணெய் மாத்திரையை 535 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களைவிட அதனால் கூடுதல் பலன் காணவில்லை. மீனைக் குழம்பாகவே சாப்பிடுங்கள். கண்ணில் கடும் நோவு வந்தால், வெளிச்சம் பார்க்க ஏலாமற் போனால், பார்வை மங்கினால் மறுநாளுக்குத் தள்ளாமல் வைத்தியரிடம் போங்கள்.

நீண்ட நோயோடு வேலை செய்ய முடியுமா என்று சோர்ந்தபோதெல்லாம் இருவரை நினைத்துக்கொண்டேன். ஒருவர் மதுரைக் கண் வைத்தியர் கோவிந்தப்பா வெங்கடசாமி. இளம் வயதிலேயே மூட்டுகளை உருக்குலைக்கும் வாதநோய் வந்து கைவிரல்கள் கோணிப் போயின. மகப்பேற்று வைத்தியராக எண்ணியிருந்தவர் கண் வைத்தியத்துக்கு மாறி, அந்த விரல்களுக்குச் சத்திரக் கத்தியைப் பழக்கினார். அரச சேவையில் ஓய்வு பெற்ற பின் 1976 இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். மற்றவர் ரெனிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ். 2011 இல் தனக்கு ஷோகிரன் நோய் என்று வெளிப்படையாக அறிவித்துப் போட்டியிலிருந்து விலகினார். உணவையும் பயிற்சியையும் ஓய்வையும் மாற்றி அமைத்துத் திரும்பி வந்தார். 2017 இல் 37 வயதில் விம்பிள்டன் இறுதிப் போட்டி வரை போனார். இருவருக்கும் நோய் மாறவில்லை. நோய்க்கு ஏற்றபடி வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

முடிக்க முன் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டுக் கல்லூரிக்குக் கணினிகள் அன்பளிப்புச் செய்வதாக அறிந்தேன், மகிழ்ச்சி. கணினியோடு மேசையின் உயரத்தையும் பாருங்கள். திரை பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு மேலே போகாமல் இருக்கட்டும். மின்விசிறியின் காற்று முகத்தில் அடிக்காமல் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கச் சொல்லும் ஒரு சின்ன மணியை அறையில் வையுங்கள். ஒரு கணினியின் விலையில் இவை சிறு துளிதான். ஆசிரியை ஒருவரோ மாணவி ஒருத்தியோ "எனக்குக் கண் உறுத்துது" என்று வந்து சொன்னால், "உனக்கு எப்பவும் ஏதாவது" என்று திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்துக் கேளுங்கள்.

செயலாளர் கையில் மணியோடு நிற்கிறார். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், ஆனால் மேடையிலிருந்து எண்ணிப் பார்த்தேன், நீங்கள் போதுமான அளவு இமைக்கவில்லை. எல்லாரும் ஒரு தடவை கண்ணை மூடித் திறவுங்கள்.